முதல் உலகப்போர் பதுங்குகுழிகளை ஏன் மடக்கி மடக்கி வெட்டினார்கள்?

உசிலம்பட்டி ஜேசிபிக்காரன்:
தோட்டத்தில் குழாய் பதிக்க 200 அடிக்குப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தேன். பத்தாவது படிக்கும் மகன் ஒரு படத்தைக் காட்டினான். மேலிருந்து பார்த்தால் பதுங்குகுழி ரம்பப்பல் மாதிரி மடங்கி மடங்கிப் போகிறது. "நேரா வெட்டினா வேலை மிச்சம்தானப்பா?" என்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருமங்கலம் பழைய சேப்பர்:
தம்பி, 17 வருஷம் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்ஸில் மண் வெட்டியவன் நான். நாங்கள் இதை மோர்ச்சா என்போம். நேராக வெட்டினால், எதிரி ஒருவன் ஒரு முனையில் இறங்கி மெஷின்கன்னை வைத்தால் போதும், மறுமுனை வரை ஒருவனும் தப்ப மாட்டான். குண்டு உள்ளே விழுந்தாலும் சிதறல் நீளத்துக்கும் பாயும். அதனால் சில கஜத்துக்கு ஒருமுறை மண்ணை வெட்டாமல் திண்டாக விட்டு, அதைச் சுற்றிக் குழியை வளைத்தார்கள். சேதம் அந்த ஒரு கட்டத்தோடு நின்றுவிடும்.

அப்புறம், அது ஒற்றைக் குழி இல்லை. முன்வரிசை, அதற்குப் பின்னால் துணைவரிசை, அதற்கும் பின்னால் ரிசர்வ். மூன்றையும் இணைக்கக் குறுக்கே நடைகுழிகள். சோறு, தோட்டா, காயம்பட்டவர்கள் எல்லாம் அதன் வழியாகத்தான், பெரும்பாலும் ராத்திரியில். முன்வரிசைக் குழி ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். சுட வேண்டுமென்றால் முன்சுவரை ஒட்டி விட்டிருக்கும் படியில் ஏற வேண்டும். 1914 முடிவதற்குள் வடகடல் கரையிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரை சுமார் 700 கிலோமீட்டருக்கு இப்படி வெட்டிவிட்டார்கள்.

மேலூர் கிணறுவெட்டி:
எல்லாம் சரிண்ணே, மழை பெய்தால்? கிணற்றில் ஒரு பக்கம் சரிந்து இடுப்பு வரை புதைந்து எழுந்தவன் நான். அதனால் கேட்கிறேன்.

திருமங்கலம் பழைய சேப்பர்:
சரியான ஆள் சரியான கேள்வி. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பக்கம் களிமண். நம்ம ஊர்க் கரிசல் ஐப்பசியில் எப்படி இருக்கும், அப்படி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். பல இடங்களில் கீழே இறங்க முடியாமல் மணல்மூட்டை அடுக்கி மேலே சுவர் எழுப்பினார்கள். கரை சரியாமல் இருக்கக் குச்சி பின்னிய தட்டி, நடக்க மரச்சட்டம். அப்படியும் நாள்கணக்கில் ஈரத்தில் நின்று கால் அழுகியது. திமிங்கில எண்ணெய் தடவினார்களா, காலுறை மாற்றினார்களா என்று அதிகாரிகள் ஒவ்வொருவர் பாதமாகப் பார்த்தார்கள்.

பிரான்சில் ஸோம் ஆற்றுப் பக்கம் வேறு கதை. மண்ணுக்கடியில் மெத்தென்ற சுண்ணாம்புப் பாறை. ஜெர்மானியர்கள் 30 அடி வரை, ஐந்து ஆள் ஆழம், குடைந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். 1916 ஜூன் 24 முதல் ஒரு வாரம் பிரிட்டிஷ் பீரங்கிகள் இடித்தன. ஜூலை 1 காலையில் பீரங்கி ஓய்ந்து காலாட்படை நடந்து வந்தபோது, உள்ளே இருந்தவர்கள் மேலே ஏறி மெஷின்கன்னைப் பூட்டினார்கள். அந்த ஒரு நாளில் மட்டும் பிரிட்டிஷ் பக்கம் 19,240 பேர் செத்தார்கள். குழிகளுக்கு முன்னால் போட்டிருந்த முள்கம்பியும் பல இடத்தில் அறுபடவே இல்லை. அந்தக் கம்பியை வெடித்துத் திறக்கும் 'பெங்களூர் டார்பிடோ' 1912லேயே எங்கள் சேப்பர்ஸில் இருந்த கேப்டன் மெக்லின்டாக் செய்தது. குழாய் குழாயாக மாட்டி முன்னே தள்ள வேண்டியதுதான். (கொஞ்சம் பெருமை, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

உசிலம்பட்டி ஜேசிபிக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே. மகனிடம் படித்துக் காட்டினேன். நம்ம பள்ளத்தையும் மடக்கி வெட்டச் சொல்கிறான். மடக்குக்கு ஒரு எல்போ, அவன் காசில் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.