எந்த மண்ணில் நிற்கிறோம்? பூங்காவிலும் காட்டிலும் கைத்துப்பாக்கி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாக்ஸ்வில், டென்னசி

நண்பர்களே, போன மாதம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே பகிருங்கள். கிரீன் கார்டு வந்தபின் நம்மவர்கள் சிலர் துப்பாக்கி வாங்குகிறார்கள், அதோடு மலைக்கும் போகிறார்கள். சட்டம் என்னவென்று கேட்டால், "டென்னசியில எங்க வேணா கொண்டுபோகலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான், மனைவி, ஏழு வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த மாமனார். கேட்லின்பர்க் வழியாக ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து நியூஃபவுண்ட் கேப் வரை ஏறினோம். அங்கே வண்டி நிறுத்துமிடத்தில் மாநில எல்லைப் பலகை இருக்கிறது. இந்தப் பக்கம் டென்னசி, அந்தப் பக்கம் வட கரோலினா. மாமனார் காலை இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். என் வலது இடுப்பில், சட்டைக்கு உள்ளே, உறையில் துப்பாக்கி. துப்பாக்கி கொண்டுபோக டென்னசி தந்த பெர்மிட் பர்ஸில். அந்தப் பலகையைத் தாண்டி, வட கரோலினாவில் இருக்கும் செரோக்கி ஊர்ப் பக்கம் இறங்கும்போது எனக்கு எதுவும் மாறியதாகவே தோன்றவில்லை. அதே சாலை, அதே மரங்கள், அதே பூங்கா.

கொஞ்ச தூரத்திலேயே பின்னால் ரேஞ்சர் (பூங்காக் காவல் அதிகாரி) வண்டியின் விளக்கு சுழன்றது. ஓரங்கட்டினேன். பிரேக் விளக்கு ஒன்று எரியவில்லையாம். அவர் நடந்து வருவதைக் கண்ணாடியில் பார்த்த அந்த நொடியில்தான் பயிற்சி வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. டென்னசியில் அதிகாரி கேட்டால் பெர்மிட்டைக் காட்ட வேண்டும். வட கரோலினாவில் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. அதிகாரி நம்மிடம் பேச வந்ததுமே, பெர்மிட் இருக்கிறது, துப்பாக்கியும் உடம்பில் இருக்கிறது என்று நாமே சொல்லியாக வேண்டும். தேசியப் பூங்காவில் துப்பாக்கிக்கு அந்தந்த மாநிலச் சட்டம்தான். நான் அப்போது வட கரோலினாவில் இருந்தேன்.

ஜன்னலை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் விரித்து வைத்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த மாமனார், வண்டிக் காகிதங்களை எடுத்துக் கொடுக்கலாமே என்று முன்னால் இருந்த பெட்டியைத் திறக்கக் கையை நீட்டினார். "மாமா, கையை எடுங்க, மடியில வைங்க" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஊரில் அறுபத்தெட்டு வருஷம் வாழ்ந்த மனுஷருக்கு மருமகன் இடுப்பில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. நான் அவரிடம் சொல்லவில்லை. அது என் தப்பு.

ரேஞ்சர் அமைதியாகத்தான் இருந்தார். "சொன்னதற்கு நன்றி. அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், உரிமம் எந்தப் பையில்?" என்றார். இடது கையால் மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். டென்னசி பெர்மிட்டை வட கரோலினா ஏற்கிறது என்பதால் அதில் சிக்கல் இல்லை. எச்சரித்து அனுப்பிவிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. கீழே ஒகோனாலுஃப்டீ விசிட்டர் சென்டரில், குழந்தைகளுக்கான ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வேண்டும் என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டேன். அப்புறம்தான் அங்கே ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தேன். பூங்கா நிலத்தில் துப்பாக்கி இருக்கலாம், ஆனால் மத்திய அரசு ஊழியர்கள் வேலை பார்க்கும் கட்டடத்துக்குள் போகக் கூடாது. பெர்மிட் இருந்தாலும் கூடாது. ஓராண்டு வரை சிறை. மனைவியை மகளோடு உள்ளே அனுப்பிவிட்டு வண்டிக்குத் திரும்பி வந்துவிட்டேன். முட்டி லேசாக நடுங்கியது.

*

ஆஸ்டின், டெக்சஸ்

தம்பி, நல்ல வேளை, முதலில் வாயைத் திறந்தீர்கள். நான் 1996-லிருந்து இங்கே இருக்கிறேன். அப்போதெல்லாம் தேசியப் பூங்காவுக்குள் தோட்டா போட்ட துப்பாக்கிக்கு இடமே கிடையாது. தோட்டாவை எடுத்து, துப்பாக்கியைக் கட்டிப் பூட்டி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்துத்தான் கொண்டுபோகலாம். 1998-ல் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் முகாமிட்டபோது கூட வந்த அமெரிக்க நண்பர், நுழைவாயிலுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, பின்பக்கத்தைத் திறந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக எண்ணித் தகரப் பெட்டியில் போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் அப்பா வேட்டைக்காரர், அந்த ஒழுங்கு வீட்டிலேயே வந்தது.

சட்டம் மாறியது 2010 பிப்ரவரி 22 முதல். மாறிய வழியைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 2009-ல் கிரெடிட் கார்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. அதில் ஓக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் இந்தத் திருத்தத்தைச் சேர்த்தார். ஒபாமா அந்த மே மாதம் கையெழுத்திட்டார். பூங்காக்களுக்கும் வனவிலங்குக் காப்பிடங்களுக்கும் மாநிலச் சட்டமே பொருந்தும் என்று ஆனது அப்படித்தான். பூங்காவைப் பற்றிய முடிவைப் பூங்காவுக்குச் சம்பந்தமில்லாத சட்டத்தில் எடுத்தது எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை.

*

பெல்வ்யூ, வாஷிங்டன்

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் அலுவலக நண்பர்கள் சிலர் ஸ்னோகால்மி பக்கம் தேசியக் காட்டுக்குக் குறி பார்த்துச் சுடப் போனார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். தேசியக் காடு பூங்கா மாதிரி இல்லை, தடை போடாத இடங்களில் சுடவே அனுமதி உண்டு. வீடு, முகாம், ஆட்கள் இருக்கும் இடம் இவற்றிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது, சாலைக்கோ தண்ணீருக்கோ குறுக்காகவும் சுடக் கூடாது.

ஒருவர் கைத்துப்பாக்கியை என்னிடம் நீட்டி, "சும்மா பிடிச்சுப் பாரு" என்றார். அன்பாகத்தான் கேட்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வக்கீல் முன்பே சொல்லியிருந்தார்: தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். 2022-ல் தண்டனையைப் பதினைந்து ஆண்டு வரை உயர்த்திவிட்டார்கள். கையில் வாங்கிப் பிடிப்பதையும் "வைத்திருத்தல்" என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. ஒரு நிமிஷ ஆசைக்காக விசாவும் போகும், வாழ்க்கையும் போகும்.

சுற்றி நின்றவர்களில் மூன்று பேர் நம்மூர்ப் பிள்ளைகள், மூவரும் என்னைப் போலவே விசாவில் இருப்பவர்கள். ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அதில் ஒருவன் ஏற்கெனவே இரண்டு தடவை சுட்டு, படமும் போட்டிருந்தான். அன்றே அழித்துவிட்டான். மாணவர் விசாவில் தம்பி தங்கைகள் இருந்தால் தயவுசெய்து இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

*

அட்லாண்டா அருகே, ஜார்ஜியா

2023 ஜூலையில் லேனியர் ஏரிக்கரையில் பிக்னிக். முப்பது பேர், புளியோதரை, கோழி வறுவல், கிரிக்கெட். ஜார்ஜியாவில் 2022-லிருந்து பெர்மிட்டே தேவையில்லை, மாநிலப் பூங்காவிலும் தடையில்லை என்று ஒருவர் தோட்டா போட்ட துப்பாக்கியோடு வந்திருந்தார். நுழைவாயில் பலகையில் சிவப்புக் கோட்டைச் சின்னத்தை என் மகன்தான் காட்டி, "இது என்னப்பா?" என்றான். ராணுவப் பொறியாளர் படையின் சின்னம். அந்த ஏரியும் கரையும் அவர்களுடையது. அவர்கள் இடத்தில் விதி வேறு: வேட்டை மாதிரி சில காரணங்களைத் தவிர, எழுத்தில் அனுமதி வாங்காமல் தோட்டா போட்ட துப்பாக்கி கூடாது. பலகை அருகிலேயே விதிகள் ஒட்டியிருந்ததால் படித்துப் பார்த்தேன். நண்பரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனாலும் அரை மணி நேரத்தில் வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

*

டென்வர், கொலராடோ

நான் கரடிக் கதை சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் முக்கால்வாசிப் பேர் "கரடி வந்தா?" என்றுதான் ஆரம்பிக்கிறோம்.

2021 செப்டம்பர், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா, லாமர் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு நடைபாதை. இடுப்பில் துப்பாக்கி, நெஞ்சுப் பட்டையில் கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே. தூறல் விழுந்ததால் மழைக்கோட்டு போட்டிருந்தேன். வளைவு திரும்பினால் அறுபது எழுபது அடியில் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி, பின்னால் இரண்டு குட்டி. அங்கே கரடிக்கும் நமக்கும் நூறு கஜம் இடைவெளி வேண்டும் என்பது விதி. என் கை நேராக இடுப்புக்குப் போனது. மழைக்கோட்டு, அதன்மேல் முதுகுப்பையின் இடுப்புப்பட்டை, அடியில் சட்டை. விரல் எதையும் தொடவில்லை. "ஏங்க, ஸ்பிரே, ஸ்பிரே" என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அது நெஞ்சிலேயே இருந்தது. ஆரஞ்சுக் கொக்கியை உருவிக் கையில் பிடித்தபடி, ஓடாமல், பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தோம். தாய்க்கரடி மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டது. அடிக்கத் தேவையே வரவில்லை.

சாயங்காலம் ஒரு ரேஞ்சரிடம் சொன்னேன். அலுவலகத்துக்கு வெளியேதான் நின்று பேசினேன், காரணம் மேலே நாக்ஸ்வில் நண்பர் எழுதியதுதான். "துப்பாக்கி வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பூங்காவுக்குள் சுட அந்த உரிமை இல்லை" என்றார். காயம்பட்ட கிரிஸ்லி, அதுவும் குட்டியோடு இருப்பது, எப்படித் திரும்பும் என்று அவர் விவரித்ததை இங்கே எழுத விரும்பவில்லை. ஒன்று மட்டும்: ஸ்பிரேக்குக் கூடச் சில பூங்காக்களில் இடமில்லை. கலிஃபோர்னியாவில் இருக்கும் யோசெமிட்டி பூங்காவில் அதற்குத் தடை. கலிஃபோர்னியா வேறு மாநிலப் பெர்மிட்டையும் ஏற்பதில்லை, ஆகவே அங்கே போகும்போது இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.

*

நாக்ஸ்வில், டென்னசி

எல்லோருக்கும் நன்றி. பெல்வ்யூ தங்கை எழுதியதை எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அப்படியே போட்டுவிட்டேன்.

உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டீர்கள்: விசிட்டர் சென்டருக்குள் போக வேண்டுமென்றால் துப்பாக்கியை என்ன செய்வது? தடை கட்டடத்துக்குத்தான். பூட்டிய வண்டியில், வாகன நிறுத்துமிடத்தில் வைக்கலாம். அன்றைக்குப் பிறகு எண் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, ஓட்டுநர் இருக்கையின் அடிக்கம்பியில் கம்பி வடத்தால் கட்டியிருக்கிறேன். கூட்டத்துக்கு நடுவில், நிறுத்துமிடத்தில் வைத்து இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே உள்ளே போவோமா என்று கேட்டுக்கொண்டு பெட்டியில் வைத்துவிடுங்கள்.

போன சனிக்கிழமை மறுபடியும் போனோம், மாமனார் ஊர் திரும்புவதற்கு முன்னால். இந்தத் தடவை வண்டியில் ஏறும்போதே அவரிடம் பெட்டியைக் காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். "இன்னிக்கு இது வேண்டாமே மாப்பிள்ளை" என்றார். சரி என்று வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். மகள் உறுதிமொழி சொல்லி ஜூனியர் ரேஞ்சர் பேட்ஜ் வாங்கியபோது நான் உள்ளே, அவள் பக்கத்திலேயே நின்றேன்.