வாராவாரம் ஷிப்ட் மாறுகிறது, தூக்கம் கெட்டுப்போச்சு. பி.பி.க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கேட்டவர்: லேத்துக்காரன்

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறேன். வயது 34. ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10, சி ஷிப்ட் 10 முதல் காலை 6. ஒரு வாரம் சி, அடுத்த வாரம் பி, அதற்கடுத்து ஏ, மறுபடி சி.

சி ஷிப்ட் முடிந்து வீடு வர ஏழாகிவிடும். குளித்து, இரண்டு இட்லி போட்டுக்கொண்டு எட்டு மணிக்குப் படுத்தால் பத்து மணிக்குத் தண்ணி லாரி ஹாரன். அப்புறம் கீழ்வீட்டு மிக்ஸி. அப்புறம் கூரியர் பையன். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்பதால் பன்னிரண்டுக்கு மேல் ஃபேன் அனல்காற்றைத்தான் அடிக்கும். நாலு, நாலரை மணி நேரம் தூங்கினால் பெரிது.

ராத்திரி மூன்றரை மணி வாக்கில் மைக்ரோமீட்டரில் அளவு பார்த்துவிட்டு ஷீட்டில் எழுதத் திரும்புவதற்குள் எண் மறந்துவிடுகிறது. மறுபடி அளக்கிறேன். நெஞ்செரிச்சல் நிரந்தரமாகிவிட்டது. மகள் சத்தமாகப் பாட்டுப் பாடினால்கூட எரிந்து விழுகிறேன். போன மாதம் மெடிக்கல் செக்கப்பில் பி.பி. 138/90, வெறும் வயிற்றில் சர்க்கரை 108. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று கேட்கவே இல்லை. அம்மா "எல்லாம் உடம்பு பழகிக்கும்" என்கிறார். பழகுமா?

பழைய ஸ்பின்னர்

தம்பி, நான் கோயமுத்தூரில் ஸ்பின்னிங் மில்லில் அரை நைட்டும் ஃபுல் நைட்டும் பார்த்தே தலை நரைத்தவன். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் கழித்தும் ராத்திரி ரெண்டு மணிக்கு டாண் என்று முழிப்பு வந்துவிடுகிறது, மெஷினில் நூல் கோன் மாற்றப் போக வேண்டும் என்கிற மாதிரி. பழகும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. படுக்கும் முன் பாலில் சாதிக்காய்ப் பொடி போட்டுக் குடித்துப் பார்.

மஞ்சள் ஹெல்மெட்

ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். நண்பரே, உங்கள் பதிவில் என் கண்ணில் முதலில் பட்டது பி.பி. இல்லை, ஷிப்ட் சுற்றும் திசை. சி, பி, ஏ என்று பின்னோக்கிச் சுற்றுகிறது, அதாவது ஒவ்வொரு வாரமும் வேலை முந்தைய வாரத்தைவிட முன்னதாகவே தொடங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு உடம்பின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடும். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். சென்னையிலிருந்து லண்டன் போனவர்களைக் கேளுங்கள், போகும்போதைவிடத் திரும்பி வந்த பிறகுதான் ராத்திரியில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடப்பார்கள். உங்கள் கம்பெனி அந்தத் திரும்பி வரும் பயணத்தை வாராவாரம் உங்களுக்குக் கொடுக்கிறது.

இது இன்று நேற்று தெரிந்த விஷயமும் இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உப்பு ஏரிக் கரையில் ஒரு தாது ஆலை. அங்கேயும் வாராவாரம் இப்படித்தான் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சார்ல்ஸ் சைஸ்லர் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் அதை முன்னோக்கித் திருப்பி, ஒரு பிரிவினருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்றம் என்று வைத்தார்கள். தொழிலாளர்களின் திருப்தி கூடியது, வேலையை விட்டுப் போவது குறைந்தது, உற்பத்தியும் ஏறியது. 1982-இல் வெளிவந்த ஆய்வு அது. நம் ஊர் ஷெட்யூல் போடுகிறவர்கள் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

சர்க்கரைக்கு வருவோம். 1999-இல் சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். அவ்வளவுதான், சாப்பாட்டுச் சர்க்கரையை உடம்பு கையாளும் வேகம் சரிந்துவிட்டது. நன்றாகத் தூங்க விட்டதும் திரும்பியது. பி.பி.யும் ஆழ்ந்து தூங்கும்போதுதான் இறங்கி ஓய்வெடுக்கும். தூக்கமே நாலு மணி நேரம் என்றால் அந்த ஓய்வும் அவ்வளவுதான். உங்கள் 138/90-க்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சாக்கு தேடுகிறோமோ என்ற சந்தேகம் மட்டும் வேண்டாம்.

அம்மா சொல்வதைப் பற்றி. 2003-இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் தூங்கியவர்களுக்குக் கவனச் சோதனையில் தப்பு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. கடைசியில் விடிய விடிய விழித்தவர்கள் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களைக் கேட்டால் "லேசா அசதி, மத்தபடி ஒண்ணுமில்லை" என்றார்கள். எனக்குப் பயமே இந்த இடத்தில்தான்.

எப்படி வேலைக்குப் போய் வருகிறீர்கள், பைக்கிலா? ஆமென்றால் இதைப் படியுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மி.கி. ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குத் தடுமாறும் என்று ஆஸ்திரேலியாவில் 1997-இல் அளந்து காட்டினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 30 மி.கி. தாண்டினாலே கேஸ். சி ஷிப்ட் முதல் நாள் காலை ஏழுக்கு எழுந்து, பகலில் படுக்காமல் வேலைக்குப் போய், மறுநாள் ஆறுக்கு வண்டியை எடுத்தால் 23 மணி நேரம் ஆகியிருக்கும். போலீஸ் ஊதச் சொன்னால் மெஷின் பூஜ்யம் காட்டும்.

நைட் டியூட்டி அக்கா

நர்ஸாக இருக்கிறேன், மாதத்தில் பாதி இரவு வார்டில்தான். ஹெல்மெட் சார் சொன்ன அந்த முதல் நாள் ரொம்ப முக்கியம். மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணியிலிருந்து ஐந்து வரையாவது படுத்துவிடுங்கள், தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை. டீயை ராத்திரி ஒன்றரை மணியோடு நிறுத்துங்கள். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும், தூக்கத்தை விரட்டும் கஃபீன் அதிலிருந்ததில் பாதி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அஞ்சு மணிக்கு கேன்டீன் டீ குடித்துவிட்டு எட்டுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் எப்படி வரும்?

நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை வாங்கும் முன் நடுராத்திரிச் சாப்பாட்டைப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் திட்டக்கூடாது. வீட்டிலேயே ஒன்பதுக்கு முழுச் சாப்பாடு, நடுவில் வாழைப்பழமோ மோரோ போதும். ஜன்னலுக்குக் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். கேட்டில் ஒரு அட்டை மாட்டி "நைட் ஷிப்ட், பெல் அடிக்காதீர்கள், பார்சலைக் கீழ்வீட்டில் கொடுக்கவும்" என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் இது வேலை செய்கிறது. முடிந்தால் பகலில் கீழே இருக்கிற அறையில் படுங்கள்.

பெரியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, சாதிக்காய் அளவு மீறினால் விஷம். தலை சுற்றும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு நிற்பதும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, குறட்டை விடுவீர்களா? வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் கேளுங்கள். பி.பி.யும் இருக்கிறது, பகலில் எரிச்சலும் இருக்கிறது என்றால் அதையும் பார்த்துவிட வேண்டும். காது மூக்கு தொண்டை டாக்டரோ நுரையீரல் டாக்டரோ தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.

லேத்துக்காரன்

எல்லாருக்கும் நன்றி. பைக்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், இந்த சி வாரத்திலிருந்து கம்பெனி பஸ். ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டு வருகிறது, ஆனாலும் சரி. குறட்டையைப் பற்றி மனைவியிடம் கேட்டேன். "இத்தனை நாள் கழிச்சு இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா" என்றாள். மூச்சும் நடுவில் நிற்கிறதாம். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன்.

ஹெல்மெட் சார், ஷிப்ட் திசையைப் பற்றி ஒர்க்ஸ் கமிட்டியில் பேசலாம் என்று இருக்கிறேன். ஏ, பி, சி என்று மாற்றினால் நைட் அலவன்ஸ் குறையும் என்று பையன்கள் பயப்படுகிறார்கள்.

மஞ்சள் ஹெல்மெட்

குறையாது. எந்தப் பக்கம் சுற்றினாலும் மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் சி. காலண்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், பார்த்ததும் புரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: புது வரிசையில் சி முடிந்து ஏ-வுக்குப் போகும் வார இறுதியில், ஞாயிறு காலை ஆறுக்கு வெளியே வந்தவர் திங்கள் காலை ஆறுக்கு உள்ளே நிற்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் இன்னொரு நாள் லீவு கேளுங்கள். எச்.ஆர். முரண்டு பிடிப்பது அங்கேதான். யூட்டா ஆய்வின் விவரம் வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன்.