480 சதுர அடியிலேயே இருந்துவிடலாமா, கூடுவாஞ்சேரிக்குப் போகலாமா?

மாம்பலம் ரயிலடி (கேட்டவர்)

வணக்கம். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். இந்த மாதிரி முடிவை எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. மாமனார் 1989-இல் வாங்கிய வீடு. பத்திரத்தில் 610 சதுர அடி என்று இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நானே டேப் பிடித்து உள்ளே அளந்தேன், பால்கனியையும் சேர்த்து 480தான் வந்தது. ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை, நடுவில் சாப்பாட்டு மேஜை போட்டிருக்கும் ஒரு நடை. அவ்வளவுதான் வீடு. நான், கணவர், ஆறாவது படிக்கும் மகள், மாமியார் என்று நான்கு பேர்.

என் கொழுந்தனார் தாம்பரத்தையும் தாண்டிக் கூடுவாஞ்சேரியில் இருக்கிறார். அவர் இருக்கும் வளாகத்திலேயே மூன்று பெட்ரூம் வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1,240 சதுர அடி, 72 லட்சம். கையில் இருப்பது போக 60 லட்சம் லோன் போட வேண்டும். எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதம் 52 ஆயிரம். இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் 20 ஆயிரம் கிடைக்கும். எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 98 ஆயிரம்.

எனக்குப் பெரிய வீட்டு ஆசை இல்லை. வசதி இல்லாததற்குச் சொல்லும் சமாதானம் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அப்படி இல்லை. நுங்கம்பாக்கத்தில் ஒரு லேபில் வேலை. மாம்பலத்தில் ரயில் ஏறினால் கோடம்பாக்கம், அடுத்தது நுங்கம்பாக்கம். எட்டு பத்துக்குக் கதவைப் பூட்டினால் எட்டே முக்காலுக்கு மேஜையில் இருப்பேன். சாயங்காலம் மகள் பள்ளிவிட்டு வந்து அரை மணி நேரத்தில் நானும் வந்துவிடுவேன். மாமியார் கைத்தடியோடு மெதுவாக நடந்து அயோத்தியா மண்டபத்துக்குப் போய் உபன்யாசம் கேட்டுவிட்டு, அங்கேயே நாலு பேரோடு பேசிவிட்டு வருவார். அவருடைய நாள் அதில்தான் நிறைகிறது.

பணமும் அப்படித்தான். ஈ.எம்.ஐ. இல்லாததால்தான் போன வருடம் மாமியாருக்கு ஒரு முட்டி ஆபரேஷன் செய்ய முடிந்தது. இன்ஷூரன்ஸ் போக 1 லட்சத்து 40 ஆயிரம் கையிலிருந்து போட்டோம், யாரிடமும் கடன் கேட்கவில்லை. இன்னொரு முட்டி தை மாதத்துக்குப் பிறகு. மகளுக்கு வீணை வகுப்பு. வருடா வருடம் மே மாதம் கும்பகோணத்தில் பத்து நாள். 52 ஆயிரம் போனால் இவையெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. மகள் இப்போதெல்லாம் உடை மாற்றப் பாத்ரூமுக்குள்தான் போகிறாள். பெட்ரூமில் அப்பா இருப்பார், ஹாலில் பாட்டி. தினமும் காலையில் யூனிஃபார்ம் பாவாடையின் கீழ் ஓரம் நனைந்துதான் வெளியே வருகிறாள். இதை நான் கவனித்தே இரண்டு வாரம்தான் ஆகிறது. எத்தனை நாளாக ஈரத்தோடு பஸ் ஏறினாளோ.

வளரும் பெண்ணை வைத்துக்கொண்டு சின்ன வீட்டில் இருந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? பெரிய வீட்டில் எனக்குத் தெரியாத நன்மை ஏதாவது இருக்கிறதா?


படூர்வாசி

அக்கா, நாங்கள் 2018-இல் சைதாப்பேட்டை வாடகை வீட்டிலிருந்து படூருக்கு வந்தோம். 550 சதுர அடியிலிருந்து 1,420. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் நல்லது. சைதாப்பேட்டைக்கு அப்பா அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்தால் நாலாம் நாளே டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அம்மா ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தச் சங்கோஜத்தில் தாகத்தோடு படுத்திருந்ததாகப் பின்னால் சொன்னார். இங்கே வந்த பிறகு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இருக்கிறார்கள். அப்பா பால்கனியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறார். இதற்காக மட்டுமே இந்த வீட்டை வாங்கினேன் என்றால்கூடத் தகும்.

இப்போது கொடுத்த விலை. எனக்கு கிண்டியில் ஆபீஸ். வழியில் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) முழுக்க மெட்ரோ வேலை. காலையில் ஒன்றேகால் மணி, திரும்பும்போது ஒன்றரை. வீட்டுக்கு வரும்போது எட்டே முக்கால், சின்னவன் தூங்கியிருப்பான். அவன் யு.கே.ஜி. படித்த வருடம் வார நாட்களில் அவனோடு பேசியதாக எனக்கு ஞாபகமே இல்லை. மெயின்டெனன்ஸ் 5,700. வெயில் காலத்தில் லாரித் தண்ணீர்ச் செலவு தனியாக வரும். மூன்றாவது அறையில் அயர்ன் மேஜையும் பெட்டிகளும் இருக்கின்றன. அப்பா அம்மா வந்தால்தான் அது அறை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மூன்று வார நாள் கொழுந்தனார் வீட்டில் தங்கி அங்கிருந்து நுங்கம்பாக்கத்துக்கு வேலைக்குப் போய்வாருங்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் மட்டும் ஒரு மணி நேரம் ஆகும், ஸ்டேஷனுக்குப் போகிற வழி தனி. ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் எடுத்தோம்.


தெற்கு மாட வீதி

இதைப் படித்தவுடன் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள். ஆறு குடும்பம், ஒரு கிணறு, இரண்டு பாத்ரூம். எங்களுக்கு ஒரு அறையும் ஒரு சமையல் மறைப்பும். சின்ன வீட்டில்தான் பாசம் அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாசம் இருந்தது உண்மைதான், அதற்குக் காரணம் இடம் சின்னதாக இருந்ததல்ல.

பதின்மூன்று வயதில் நான் உடை மாற்றும்போது அம்மா புடவையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுப்பில் ரசம் பொங்கும், "சீக்கிரம்டி" என்பார். நான் அவசர அவசரமாகப் பின் குத்துவேன். பதினொன்றாம் வகுப்பில் அப்பா பீரோவைத் திருப்பிப் போட்டு ஒரு திரை கட்டிக் கொடுத்தார். திரை போதவில்லை. விளக்கைப் போட்டால் எல்லோருக்கும் வெளிச்சம், பக்கம் திருப்பினால் சத்தம். அழ வேண்டும் என்றால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் யாராவது வடாம் காய வைத்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் மகளுக்குத் தேவை 1,240 சதுர அடி இல்லை. உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவு. அது பெரிய வீட்டில்தான் கிடைக்கும் என்றில்லை. பெட்ரூமை மகளுக்கும் பாட்டிக்கும் கொடுத்துவிட்டு நீங்கள் இருவரும் ஹாலுக்கு வந்துவிடுங்கள். என் அக்கா பெரம்பூரில் பன்னிரண்டு வருடம் அப்படித்தான் இருந்தாள். கணவன் மனைவிக்கு அது கஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், அந்தப் பெண்ணை யாராவது கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் மாமியார், கொழுந்தனார், சொந்தக்காரர்கள் எல்லோரும் என்ன நினைக்கிறார்கள் என்று இருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் இல்லை.


தாழ்வாரம்

அதே தெருவில் லிஃப்ட் உள்ள இரண்டு பெட்ரூம் வாடகைக்குப் பார்க்கலாமே? உங்கள் வீட்டு வாடகை 20 ஆயிரம் வரும். மேலே 10, 12 ஆயிரம் போட்டால் போதும். மாமியார் முட்டிக்கும் நல்லது. லோனே வேண்டாம்.


சிவில் 28 வருடம்

கட்டட வேலை மேற்பார்வையில் 28 வருடம். முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

அந்த 1,240 என்பது மாடிப்படி, லிஃப்ட், வராண்டா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்காகத்தான் இருக்கும். உள்ளே கால் வைக்கும் இடம், அதாவது கார்பெட் ஏரியா, 850லிருந்து 900க்குள் வரும். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி கார்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும், அதில் பால்கனி சேராது. கையில் இருப்பவர் மறுவிற்பனை செய்கிறார் என்றால் பில்டர் போட்ட பழைய ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆக நீங்கள் கூடுதலாகப் பெறுவது 400 சதுர அடி அளவுதான். அதற்கு 60 லட்சம் லோனுக்கு 20 வருடத்தில் கட்டுவது சுமார் 1 கோடியே 25 லட்சம்.

அடுத்தது யுடிஎஸ், அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் வீட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு. அடுக்குமாடி வீட்டில் விலை ஏறுவது மண்ணில்தான், சுவர் வருடா வருடம் தேய்கிறது. உங்கள் பத்திரத்தில் அது எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் காலத்து மாம்பலம் கட்டடங்கள் தரைத்தளமும் இரண்டு மூன்று மாடியுமாக இருக்கும், அதனால் ஒரு வீட்டுக்கு வரும் நிலம் அதிகம். 2 கிரவுண்டில் (4,800 சதுர அடி) 12 வீடு என்றால் தலைக்கு 400 சதுர அடி நிலம். உயரமான புதிய வளாகங்களில் இந்த விகிதம் கிடைப்பது அரிது.

கட்டடத்துக்கு 35 வயது தாண்டிவிட்டது, இடித்துக் கட்டும் பேச்சு எப்படியும் வரும். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எஃப்.எஸ்.ஐ. முன்பு 1.5ஆக இருந்தது, 2019 விதிகளில் 2 ஆகிவிட்டது. 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும், முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலே நின்றுவிடும். சங்கத்தில் இதைப் பேச்சில் போட்டுவையுங்கள். ஆனால் வீடு இரண்டு மடங்கு ஆகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பில்டருக்கும் பங்கு போக வேண்டும்.

இப்போதைக்கு அந்த நடை. அதன் அளவென்ன, ஜன்னல் உண்டா என்று சொல்லுங்கள்.


மாம்பலம் ரயிலடி

அளந்துவிட்டேன். அகலம் 6 அடி, நீளம் 10 அடி. ஒரு பக்கம் சந்தைப் பார்த்து ஜன்னல் இருக்கிறது, இரண்டு பலகை. சமையலறைக்கு ஹாலிலிருந்தே தனி வழி உண்டு, அதனால் இந்த நடையை யாரும் தாண்டிப் போக வேண்டியதில்லை.

யுடிஎஸ் பத்திரத்தில் 400 என்றே இருக்கிறது. நீங்கள் உதாரணத்துக்குச் சொன்னது அப்படியே வந்ததைப் பார்த்துக் கணவர் இன்னொரு முறை கண்ணாடி போட்டுப் படித்தார்.


சிவில் 28 வருடம்

ஜன்னல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதுதான் அறை.

எந்தச் சுவரையும் உடைக்காதீர்கள், செங்கல் வைத்துப் புதுச் சுவரும் எழுப்பாதீர்கள். பழைய தளத்துக்குப் பாரம் ஏற்றக் கூடாது. இரும்புச் சட்டம் போட்டு சிமெண்ட் போர்டு அடித்தால் போதும். ஜிப்சம் வேண்டாம், ஈரம் பட்டால் ஊறிவிடும். கதவு தள்ளும் கதவாக இருக்கட்டும். திறக்கும் கதவு வைத்தால் அது திரும்பும் இடத்தில் ஒன்றும் போட முடியாது. தாழ்ப்பாள் உள்பக்கம். 3 அடி அகலக் கட்டில், அதன் அடியில் இழுப்பறை, ஜன்னலோரம் 2 அடி மேஜை, 7 அடி உயரத்தில் ஒரு பரண். ஆரம்பிப்பதற்கு முன் மேலே கூரையில் எங்கேயாவது கம்பி தெரிகிறதா, தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

சாப்பாட்டு மேஜை போய்விடும். அதற்குத் தயாரா?


மாம்பலம் ரயிலடி

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

தெற்கு மாட வீதி அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று ராத்திரி என்னிடம் பதில் இல்லை. மறுநாள் ரயிலடிக் கடையில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது மகளிடம் கேட்டேன். கூடுவாஞ்சேரி வேண்டாம் என்றாள், வீணை டீச்சரை விட்டுப் போக முடியாதாம். பிறகு கொஞ்ச நேரம் கொத்தவரங்காயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆனா எனக்கு ஒரு கதவு வேணும்மா" என்றாள். நீங்கள் எழுதிய அதே வார்த்தை. இதை அவளுக்கு நான் படித்துக் காட்டவே இல்லை.

படூர்வாசி தம்பி, நீங்கள் சொன்னபடி மூன்று நாள் போய்வந்தேன். முதல் நாள் ஏழு மணிக்குக் கிளம்பி எட்டு ஐம்பதுக்கு லேப். மூன்றாம் நாள் ரயில் தாம்பரத்தில் நின்றுவிட்டது, ஒன்பதரை. வீடு நன்றாகத்தான் இருக்கிறது, காற்று வருகிறது, கொழுந்தனாரும் ஓரகத்தியும் எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது. கணவர் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார். வருத்தம் இருக்கிறது, போகப் போகச் சரியாகும் என்று நினைக்கிறேன்.

தாழ்வாரம், உங்கள் யோசனையை மடித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது முட்டி ஆபரேஷனுக்குப் பிறகும் மாமியாருக்கு 36 படி ஏறுவது முடியவில்லை என்றால் அதைத்தான் செய்வோம்.

நடையை ஆசாரி வந்து பார்த்தார். கட்டில், பரண், கதவு எல்லாம் சேர்த்து 85 ஆயிரம் சொன்னார். இந்த வருடம் கும்பகோணம் மட்டும் இல்லை, மற்றதெல்லாம் அப்படியே. சாப்பாட்டு மேஜையை முதல் மாடிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நேற்று ராத்திரி தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம், மாமியாருக்கு மட்டும் நாற்காலி.

கதவு வரும் இடத்தில் கணவர் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் மகள் தலையணையை எடுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு உள்ளே படுத்துப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் தலையா கதவு பக்கம் தலையா என்று மாற்றி மாற்றிப் படுத்தாள். பாட்டி எழுந்து அந்தப் பக்கம் போனபோது, "பாட்டி, கோட்டைத் தாண்டாதே, தட்டிட்டு வா" என்றாள். மாமியார் கைத்தடியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றார்.