மவுஸ் சிஎக்ஸ்சிஎல்12 போட்டும் டி செல்கள் நகரவில்லை. புரதம் செத்துவிட்டதா?

மண்ணீரல்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். சுண்டெலி மண்ணீரலிலிருந்து பிரித்த டி செல்களை வைத்து டிரான்ஸ்வெல் மைக்ரேஷன் (துளையுள்ள சவ்வு வழியாகச் செல்கள் கீழே இறங்குகின்றனவா என்று பார்ப்பது) செய்கிறேன். கீழே வைப்பது ரீகாம்பினன்ட் மவுஸ் சிஎக்ஸ்சிஎல்12 ஆல்ஃபா, அதாவது பழைய பேரில் எஸ்டிஎஃப்-1; செல்களைத் தன் பக்கம் ஈர்க்கும் கீமோகைன் வகைப் புரதம். 24 வெல் தட்டு, 5 மைக்ரான் துளை இன்சர்ட். மேலே 100 மைக்ரோலிட்டரில் 5 லட்சம் செல்கள், கீழே 600 மைக்ரோலிட்டரில் மில்லிக்கு 100 நானோகிராம் புரதம், 37 டிகிரியில் 3 மணி நேரம். மீடியம் 10% சீரம் சேர்த்த ஆர்பிஎம்ஐ.

புரதம் வைத்த வெல்லில் இறங்குவதும் வெறும் மீடியத்தில் இறங்குவதும் ஒரே அளவுதான். எத்தனை முறை செய்தாலும் இதே கதை.

எனக்குச் சந்தேகம் பார்சல் மேல். மே மாதக் கத்திரி வெயிலில் சுங்கத்தில் கிடந்துவிட்டு வந்தது, உள்ளே இருந்த ஜெல் பை முழுக்க உருகியிருந்தது. ஆனால் எலைசாவில் (ஆன்டிபாடி வைத்துப் புரதத்தை அளக்கும் சோதனை) அளவு சரியாக வருகிறது. ஜெல்லில் ஓட்டினால் 10 கிலோடால்டன் பக்கத்தில் ஒரே சுத்தமான பட்டை. வழிகாட்டி புது வயல் வாங்கச் சொல்கிறார். அதே நிறுவனத்தில் அதே பொருளை மறுபடி வாங்கக் கை வரவில்லை. என்ன செய்யலாம்?

பிப்பெட்கை:
வெயிலை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அது உறைய வைத்து உலர்த்திய தூள்தானே? கீமோகைன் சின்னப் புரதம், இரண்டு டைசல்ஃபைடு பிணைப்பு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். தூளாக இருக்கும்வரை சில நாள் சூட்டைத் தாங்கிவிடும். கரைத்த பிறகுதான் அது நோஞ்சான்.

நான் கேட்பது வேறு. மூடியைத் திறக்கும் முன் வயலைச் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று சுற்றினீர்களா? கண்ணுக்கே தெரியாத அந்த மெல்லிய படலம் பாதி நேரம் மூடியில்தான் ஒட்டியிருக்கும். எதில் கரைத்தீர்கள்? நானோகிராம் அளவுக்கு நீர்க்கும்போது பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) 0.1 சதவீதமாவது இல்லையென்றால் புரதம் ட்யூப் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கரைசலில் மிஞ்சாது. அப்புறம், ஒரே ட்யூபை உறைய வைத்து உருக்கி உறைய வைத்து உருக்கி எடுக்கும் வழக்கம் உண்டா?

மண்ணீரல்வாசி:
சுற்றித்தான் திறந்தேன். மலட்டு நீரில் மில்லிக்கு 100 மைக்ரோகிராமாகக் கரைத்து, 0.1% பிஎஸ்ஏ சேர்த்து, லோ பைண்ட் ட்யூப்களில் சிறு சிறு அலிக்வாட்டாகப் போட்டு மைனஸ் 80-இல் வைத்தேன். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப வைப்பதில்லை.

ஃப்ளோஅக்கா:
தம்பி, கரைத்த விதத்தில் குறை தெரியவில்லை. ஆனால் இப்போது சோதனையில் மூன்று விஷயம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிறது: செல், அறை, புரதம். மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எதைக் குற்றம் சொல்வது?

முதலில் சீரத்தை நிறுத்துங்கள். சீரத்தில் டிபிபி4 என்ற நொதி இருக்கிறது. சிஎக்ஸ்சிஎல்12-இன் முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலத்தை நறுக்கிவிட்டுப் போய்விடும், அதோடு அதன் வேலை முடிந்தது. ஆர்பிஎம்ஐயில் 0.5% பிஎஸ்ஏ போதும். செல்களைப் பிரித்ததும் அவசரப்பட்டு இன்சர்ட்டில் போடாதீர்கள், 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கட்டும். மண்ணீரலைக் கசக்கிப் பிழிந்து, ஆர்பிசியை உடைத்து, காந்தத்தில் பிரித்து என்று அவை பட்ட பாட்டில் சிஎக்ஸ்சிஎல்12-இன் ஏற்பியான சிஎக்ஸ்சிஆர்4 மேற்பரப்பில் குறைந்திருக்கலாம்.

அடுத்து, பக்கத்து ஆய்வகத்தில் சிசிஎல்19 அல்லது சிசிஎல்21 என்ற வேறு கீமோகைன் கொஞ்சம் கடன் வாங்குங்கள். மண்ணீரல் டி செல்களில் பெரும்பாலானவை இவற்றின் ஏற்பியான சிசிஆர்7 வைத்திருக்கும், அதற்கு நன்றாக ஓடும். அதே நாள், அதே செல், அதே தட்டு. அது இறங்கினால் செல்லும் அறையும் குற்றமற்றவை.

சிஎக்ஸ்சிஎல்12-ஐ 10, 30, 100, 300, 1000 நானோகிராம் என்று படிப்படியாக வைத்துப் பாருங்கள். கீமோகைன் அளவு கூடக் கூட ஓட்டமும் கூடிக்கொண்டே போகாது, ஒரு உச்சிக்கு மேல் சரியும். ஒரே அளவில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதக்கூடாது.

கையில் ஃப்ளோ சைட்டோமீட்டர் இருக்கிறதே, இன்னொன்றும் செய்யலாம். செல்களைப் புரதத்தோடு 37 டிகிரியில் அரை மணி வைத்து சிஎக்ஸ்சிஆர்4 சாயம் போடுங்கள். புரதம் வேலை செய்தால் ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டு சிக்னல் குறையும். கூடவே ஐஸில் வைத்த ஒரு ட்யூப் கட்டாயம். ஐஸிலும் குறைந்தால் புரதம் ஆன்டிபாடியை மறைக்கிறது என்று பொருள், உள்ளிழுப்பு அல்ல.

மண்ணீரல்வாசி:
அக்கா சொன்னபடி எல்லாம் செய்தேன். சீரத்தை நிறுத்தியதில் பின்னணி குறைந்தது. சிசிஎல்19 வைத்த வெல்லில் செல்கள் கொட்டோ கொட்டென்று இறங்கியிருக்கின்றன, மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டது. சிஎக்ஸ்சிஎல்12-இல் 10 முதல் 1000 வரை எதிலும் அசைவில்லை. செல்லில் சிஎக்ஸ்சிஆர்4 நன்றாகவே இருக்கிறது, புரதம் போட்டாலும் குறையவில்லை. ஆக, புரதம்தான். ஆனால் எலைசா ஏன் சரியாகக் காட்டுகிறது?

பழையபயோகெமிஸ்ட்:
உங்கள் முதல் பதிவிலேயே ஒரு எண் உறுத்தியது. சிஎக்ஸ்சிஎல்12 ஆல்ஃபா 68 அமினோ அமிலம், சுமார் 8 கிலோடால்டன். உங்கள் பட்டை 10-இல் நிற்கிறது. ஜெல்லில் சின்னப் புரதம் கொஞ்சம் முன்னே பின்னே ஓடும், உண்மைதான். ஆனாலும் டேட்டாஷீட்டில் டேக் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். ஹிஸ் டேக் (பிரித்தெடுக்க வசதியாக ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) எந்த முனையில் இருக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், கீமோகைனின் உடம்பு ஏற்பியைப் பிடிக்கும், ஆனால் அதை உசுப்புவது N முனைதான், அதாவது புரதச் சங்கிலி தொடங்கும் முனை. அந்த முனை ஏற்பியின் நடுக்குழிக்குள் நுழைய வேண்டும். டேக் ஒட்டிய முனை, நுனியில் முடிச்சு விழுந்த நூல் மாதிரி. ஊசிக் காதில் நுழையாது. சிஎக்ஸ்சிஎல்12-இன் முதல் இரண்டும் லைசின், புரோலின். இவை போனால் ஏற்பியில் உட்காரும், ஆனால் எழுப்பாது என்று 1997-லேயே காட்டிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, ரான்டெஸ் என்ற இன்னொரு கீமோகைனின் தலையில் ஒரே ஒரு மெத்தியோனின் கூடுதலாக நின்றதும் அது எதிர்ப்பானாகவே மாறிவிட்டது. ஒற்றை அமினோ அமிலத்துக்கே இந்தக் கதி என்றால், ஆறு ஹிஸ்டிடினும் ஒரு லிங்கரும் சேர்ந்தால்?

எலைசா பார்ப்பது உடம்பை. முனையில் என்ன தொங்குகிறது என்று அது கேட்பதில்லை. 95 சதவீதத் தூய்மை என்று போட்டிருப்பதும் அப்படித்தான். தூய்மை வேறு, செயல்திறன் வேறு. கீமோடாக்சிஸில் (கீமோகைனை நோக்கிச் செல் ஓடும் சோதனையில்) சோதித்தோம், இத்தனை நானோகிராமில் பாதி உச்சம் என்று ஒரு வரி ஷீட்டில் இல்லையென்றால், செல் சோதனைக்கு அதை வாங்கவே கூடாது.

மண்ணீரல்வாசி:
சார், இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் N முனை ஹிஸ் டேக். செயல்திறன் என்ற இடத்தில் வெறும் கோடு.

டேக் இல்லாத, லைசினில் தொடங்கும் புரதம் ஒரு நண்பரின் ஆய்வகத்தில் கிடைத்தது. மனிதப் புரதம்தான், இருந்தாலும் சுண்டெலியுடையதோடு ஒரே ஒரு அமினோ அமில வித்தியாசம் என்பதால் வைத்துப் பார்த்தேன். 100-இல் இறங்கின, 300-இல் இன்னும் அதிகம், 1000-இல் மறுபடி குறைந்தது. சிஎக்ஸ்சிஆர்4-ஐ அடைக்கும் ஏஎம்டி3100 மருந்தைச் சேர்த்ததும் ஓட்டம் நின்றுவிட்டது. ஆக, சிஎக்ஸ்சிஆர்4 வழிதான்.

இதையே நாங்கள் ஈ.கோலையில் செய்துகொள்ள முடியுமா?

பழையபயோகெமிஸ்ட்:
முடியும். ஆனால் சும்மா மெத்தியோனினில் தொடங்கிச் செய்யாதீர்கள். அடுத்து லைசின் இருப்பதால் பாக்டீரியா அந்த மெத்தியோனினை வெட்டாது, தலையிலேயே தங்கிவிடும். சுமோ ஃப்யூஷனாக (முன்னால் சுமோ என்ற சிறு புரதத்தை ஒட்டி) செய்து, அதை வெட்டும் நொதியான யுஎல்பி1-ஆல் வெட்டினால் லைசினிலேயே சுத்தமாகத் தொடங்கும். டெவ், த்ராம்பின் போன்ற மற்ற வெட்டும் நொதிகள் எல்லாம் முனையில் ஒன்றிரண்டு எச்சம் விட்டுவிடும், வேண்டாம். பெரும்பாலும் இன்க்ளூஷன் பாடியில்தான் (பாக்டீரியாவுக்குள் கரையாமல் திரளும் புரதக் கட்டி) போய் உட்காரும், மறுமடிப்புச் செய்து இரண்டு டைசல்ஃபைடும் சரியாகப் போட வைக்க வேண்டும். கடைசியில் எண்டோடாக்சினை (பாக்டீரியா சுவரிலிருந்து வரும் நச்சு) எல்ஏஎல் சோதனையில் பாருங்கள். மைலாய்டு செல்களிலும் வைக்கப் போகிறீர்கள் என்றால் இது ரொம்ப முக்கியம்.

பிப்பெட்கை:
ஒரு மாத வேலை மிச்சம் என்றால் வாங்கிவிடுவதே மேல் என்பேன். சரி, அந்த டேக் வைத்த வயலைத் தூக்கிப் போடப் போகிறீர்களா?

ஃப்ளோஅக்கா:
எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? வெஸ்டர்னில் பாசிட்டிவ் கன்ட்ரோலாக ஓட்டலாம். எலைசா ஸ்டாண்டர்டாக மட்டும் கணக்கில்லாமல் வைக்காதீர்கள். டேக்கின் எடையும் சேர்ந்திருப்பதால் ஒரு நானோகிராமில் மூலக்கூறுகள் குறைவு. 10-க்கு 8 என்று திருத்திக்கொள்ளுங்கள். வயல் மேல் பெரிய எழுத்தில் "செல்லில் போடாதே" என்று எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்து வருகிற மாணவர் எடுத்துவிடப் போகிறார்.