வரைபடத்தோடு தேரிக்காட்டுக்குள் போனவர்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நெல்லை வாத்தியார்:
கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். வரைபடம், ஜிபிஎஸ், மண் எடுக்கும் குழாய், கேள்விப்பட்டியல் என்று எதையாவது தூக்கிக்கொண்டு தேரிக்குள் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அங்கே யாரைச் சந்தித்தீர்கள், அவர்கள் சொன்ன எது உங்கள் வேலையை மாற்றியது என்று எழுதுங்களேன். ஆய்வறிக்கையில் இதற்கெல்லாம் பத்தி கிடையாது.

தேரி பார்க்காதவர்களுக்கு: தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தை ஒட்டி, சாயர்புரம், குதிரைமொழி, காயாமொழி, சாத்தான்குளம், திசையன்விளை பக்கமெல்லாம் திட்டுத்திட்டாகக் கிடக்கும் செம்மணல் மேடுகள் அவை. குவார்ட்ஸ் மணலின் ஒவ்வொரு பொடியின் மேலும் இரும்பு ஆக்சைடு பூசிக்கொண்டிருப்பதால்தான் அந்தச் சிவப்பு. பனை, உடை, முந்திரி தவிர அதிகம் எதுவும் நிற்காது.

நானே தொடங்கி வைக்கிறேன். மாணவர்களோடு குதிரைமொழித் தேரியில் ஒரு வண்டித்தடத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். கையில் இந்திய நில அளவைத் துறையின் 58 எல் வரிசையில் ஒரு வரைபடத் தாள், ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுகோல். தாளில் தடம் தெளிவாக இருந்தது, தரையில் இல்லை. ஒரு விடிலியில், அதாவது பனையேறிகளின் ஓலைக் குடிசையில், பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்த பெரியவரிடம் தாளை விரித்துக் காட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எந்த மாசத்துப் படம்யா இது?" என்றார்.

அளவை செய்த வருஷம் தாளின் ஓரத்தில் இருக்கிறது. மாசம்? எந்தத் தாளிலும் இல்லை. அவர் விளக்கினார். ஆனி ஆடிக் காற்றில் மணல் கிழக்கே ஏறும்போது பள்ளத்தில் போகிற தடம் மூடிவிடும், அப்போது ஆட்கள் மேட்டு முதுகிலேயே நடப்பார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மணல் இறுகியதும் பள்ளத்துத் தடம் திரும்ப வரும், வண்டியும் போகும். பனையேற்றக் காலத்தில் விடிலிக்கு விடிலி போகிற ஒற்றையடிப்பாதைதான் நடக்கும், மற்றதைக் கேட்பார் இருக்காது. ஒரே இடத்துக்கு மூன்று வழி, பருவத்துக்கு ஒன்று. அதிலிருந்து எங்கள் களக்குறிப்பேட்டில் தேதிக்குப் பக்கத்தில் தமிழ் மாசத்துக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டேன். வெளியூர் மாணவர்கள் முனகுவார்கள். எழுதித்தான் ஆக வேண்டும்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
வாத்தியார் சொல்வது தாளின் கதை. நான் சொல்லப்போவது கல்லின் கதை.

1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் நான் சின்னப் பையன், சங்கிலி பிடிக்கப் போனேன். தேரி ஓரத்து ஊர் ஒன்றில் மூன்று கிராமம் சேருகிற முச்சந்திக் கல் கிடைக்கவில்லை. புலப்படத்தில் ஜி லைன் அளவு, அதாவது கல்லுக்குக் கல் உள்ள தூரம், இருக்கிறது. தெரிந்த இரண்டு கல்லிலிருந்து சங்கிலி பிடித்து, இரண்டு அளவும் வெட்டுகிற இடத்தைக் குறித்தாயிற்று. அங்கே மணல்தான் இருக்கிறது. கடப்பாரையை இறக்கினால் தட்டுப்படவில்லை. தோண்டினால் தோண்டின குழியிலேயே மணல் சரிகிறது.

பனையேறி அண்ணாச்சி ஒருவர் ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்து, "எவ்வளவு ஆழத்துல கிடக்குன்னு தெரியாம தோண்டுதீயளே" என்றார். பக்கத்தில் நின்ற பனையைக் காட்டினார். அவருடைய அப்பா அந்தப் பனையில் ஏறும்போது அடியில் முருக்குத்தடி என்கிற ஏறுகழியைச் சாத்தி, அதற்கு மேலே ஒரு வடுவில் கால் வைப்பாராம். அந்த வடு இப்போது இவருடைய முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. ஆக, மணல் அவ்வளவு ஏறியிருக்கிறது, கல்லும் அவ்வளவு கீழே போயிருக்கும் என்றார். கல் நட்ட காலத்தையும் அவர் அப்பா காலத்தையும் ஒப்பிட்டு மனக்கணக்கில் ஓர் ஆழம் சொன்னார். அதோடு, "குடத்துல தண்ணி கொண்டாந்து ஊத்திட்டுத் தோண்டுங்க, சரியாது" என்றும் சொன்னார். மார்பளவு ஆழத்தில் கல் இருந்தது, அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் கீழே. அம்புக்குறி தேயாமல் அப்படியே இருந்தது. வெயில் படாத கல் அல்லவா.

பனை நேராக வளரும், கிளை விடாது, வடு அழியாது. மணல் ஏறியதை அளக்க அதைவிட நல்ல அளவுகோல் அரசாங்கத்திடம் அன்றைக்கு இல்லை. நில அளவைப் பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

மண்ணளப்பவள்:
ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்குக் கை பரபரக்கிறது. நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது தேரி மணலின் வயதைக் கண்டுபிடிக்க மாதிரி எடுக்கப் போனோம். ஒளித்தூண்டல் காலக்கணிப்பு என்று பெயர். மணற்பொடி மண்ணுக்குள் புதைந்த நாள் முதல் சுற்றியுள்ள இயற்கைக் கதிர்வீச்சால் அதற்குள் எலக்ட்ரான்கள் சிக்கிச் சேர்ந்துகொண்டே வரும். வெயில் பட்டால் அத்தனையும் வெளியேறி, கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆகவே கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்பதுதான் அந்தப் பொடியின் வயது. மாதிரி எடுக்கும்போது துளி வெளிச்சம் படக்கூடாது. ஓடை அறுத்த செங்குத்துக் கரையில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, கறுப்புத் துணிக்குள் வைத்தே இருபக்கமும் அடைத்து எடுக்க வேண்டும்.

சாயங்காலம் மங்கிய நேரம், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு சுத்தியலால் அடிக்கிற மூன்று பேரைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்? இளைஞர்கள் பைக்கில் வந்து சூழ்ந்துவிட்டார்கள். 2007-ல் இந்தப் பக்கம் தேரி மணலிலிருந்து டைட்டானியம் எடுக்கும் திட்டப் பேச்சு வந்து, ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பி, அது நின்றுபோனது நினைவிருக்கும். இந்த மணலில் டைட்டானியம் உள்ள இல்மனைட், கார்னெட், சிர்கான் போன்ற கன கனிமங்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. "மண்ணை எங்க கொண்டு போறீங்க? யாரு அனுப்பினது?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. கடிதம் காட்டினோம், அனுமதிச் சீட்டு காட்டினோம். முகம் தெளியவில்லை.

கூட்டத்தில் ஒரு ஆச்சி வந்தார். நான் கதிர்வீச்சு, எலக்ட்ரான் எல்லாம் விட்டுவிட்டு, "இந்த மண்ணு கடைசியா எப்ப வெயில் பார்த்துச்சுன்னு பார்க்கப் போறோம் ஆச்சி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "ஒரு பிடி மண்ணுதானட்டி, கள்ளர் வெட்டுக்கு வாரவன் எல்லாம் அள்ளிட்டுத்தான் போறான், அய்யனாரைக் கும்பிட்டுட்டு எடுத்துட்டுப் போ" என்றார். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவிலில் டிசம்பர் நடுவில் அந்தத் திருவிழா நடக்கும். தேரியில் இளநீரை வெட்டியதும் அந்த இடத்து மண்ணை மக்கள் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பைக் பையன்களே பிறகு டார்ச்சை அணைத்துவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டார்கள். டார்ச்சை ஏன் அணைக்கச் சொன்னோம் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம்.

இந்த முறையில் தேரிகளில் கிடைத்த வயதுகள் ஏறக்குறைய பதினோராயிரம் ஆண்டிலிருந்து ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டு வரை வருகின்றன. தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளை 1956-ல் எழுதிய தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் பழைய கடல்மட்டத்தை வைத்துக் கி.மு. 4000 வாக்கில் என்று கணித்திருந்தார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் போட்ட கணக்கு, மணல் படிந்த காலத்தின் கடைசிப் பகுதியோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது.

உடன்குடிக்காரன்:
எல்லாரும் பெரிய ஆராய்ச்சி. என் அனுபவம்: போன் வரைபடம் தேரிக்குள் ரோடு காட்டுகிறது என்று நம்பி சென்னையிலிருந்து காரில் வந்தவர்களை மீட்பது. டயருக்கு அடியில் பனை ஓலையைப் பரப்பி, காற்றைப் பாதி இறக்கிவிட்டுத் தள்ளினால் வந்துவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் இறங்கும். யார் வந்தாலும் மிதிப்பார்கள்.

பணகுடிக் காத்து:
வாத்தியார் ஆனி ஆடிக் காற்று என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டார். அதுதான் இந்த நிலத்தைச் செய்தது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத்தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் வருவது வறண்ட காற்று மட்டும். அதுவும் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை கணவாய்களில் நெருக்கிப் பிழியப்பட்டு வேகமெடுத்து வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனை நிற்பதற்கும் உங்கள் தேரி அங்கே கிடப்பதற்கும் காரணம் ஒன்றுதான்.

இன்னொன்று. மண் மேற்கிலிருந்துதான் வந்தது. புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883 அறிக்கையிலேயே மேற்கே உள்ள செம்மண்ணைக் காற்று அள்ளி வந்து குவித்தது என்றுதான் விளக்கினார்.

மண்ணளப்பவள்:
காற்று மேற்கிலிருந்து வருகிறது என்பதில் சண்டையில்லை. மண் முழுவதும் அங்கிருந்தே வந்தது என்பதில்தான் தயக்கம். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்து, இன்றைக்குக் கடலுக்கடியில் கிடக்கும் பரப்பு வெளியே இருந்தது. அந்தக் கடல் மணலுக்கும் பங்கு உண்டு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். தேரியில் உள்ள கன கனிமங்களைப் பார்த்தால் அதைத் தள்ளிவிட முடியாது. ஒரே பதில் எல்லாத் தேரிக்கும் பொருந்தும் என்றும் நான் நினைக்கவில்லை. இன்னொன்று, வனத்துறை மரம் வைத்த பிறகு பல இடங்களில் மேல்மணல் மட்டும்தான் அசைகிறது. சர்வேயர் ஐயா பார்த்த வேகம் இன்றைக்கு எல்லா ஓரத்திலும் இல்லை.

காயல் வரைபடம்:
என் சந்திப்பு 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. இந்தப் பகுதியின் ஓராண்டு மழையே சாதாரணமாகக் காயல்பட்டினத்தில் அன்று பெய்ததற்குக் கீழேதான். குளங்கள் உடைந்தன, செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது.

செயற்கைக்கோள் ரேடார் படத்தில் வயல்வெளி வெள்ளம் தெரிகிறது. நெருக்கமான தெருவுக்குள் தண்ணீர் நின்றதா என்று அது சரியாகச் சொல்லாது, சுவர்களில் பட்டுத் திரும்பும் அலை குழப்பிவிடும். ஆகவே தெருத்தெருவாகப் போய்ச் சுவரில் தண்ணீர்க் கறையை அளந்து குறித்தோம். தேரி ஓரத்து ஊர் ஒன்றில் ஒரு அக்கா கதவைத் திறந்ததும் எங்களை உள்ளே விடாமல் தெருவுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். "இந்த வீடு எங்க பூட்டி கட்டினது, இதுக்குத் தண்ணி வரல. எதிர்ல என் தம்பி வீடு, போன வருஷம் பால் காய்ச்சினது, ஜன்னல் வரைக்கும் தண்ணி. நடுவுல இருக்கது ஒரு தெருதான். இதை உங்க படத்துல போடுங்க" என்றார்.

போட்டோம். பிறகு அந்த ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டிய காலத்தையும் கேட்டுக் குறித்தோம். அதுவரை எங்கள் கேள்விப்பட்டியலில் அது இல்லை. பழைய வீடுகள் மணல்மேட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து போகின்றன. மணல் மழையைக் குடித்துவிடும், மேடு என்பதால் நிற்கவும் நிற்காது, குடிக்க ஊற்றுத் தண்ணீரும் அடியிலேயே கிடைக்கும். புதிய மனைகள் நேர்கோட்டில், குளத்து நீர்ப்பிடிப்பின் ஓரத்தில். மனை வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேட்டில் இடம் தீர்ந்துவிட்டது, தம்பிக்கும் வீடு வேண்டுமே. மனைக்கு அனுமதி கொடுத்த மேசையில் இந்த மேடுபள்ளம் தெரிகிற வரைபடம் ஒன்று இருந்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

விளைக்காரி:
தண்ணீர் பற்றிப் பேச்சு வந்ததால். திசையன்விளை பக்கம் ஆயன்குளம் கிணற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 மழையில் வெள்ள நீரை நாள்கணக்காக உள்ளே விட்டும் நிரம்பவில்லை என்று ஊரே வேடிக்கை பார்த்தது. சென்னை ஐஐடி குழு வந்து பார்த்து, அடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து குகைபோல வழி உண்டாகியிருப்பதாகச் சொன்னார்கள். அப்போது நாங்கள் கல்லூரியிலிருந்து கிணற்று நீர்மட்டம் அளக்கப் போனோம். எந்தக் கிணற்றை முதலில் அளப்பது என்று நாங்கள் யோசிக்க, மாடு மேய்க்கிற தாத்தா ஒருவர் கிணறுகளை வரிசையாகச் சொன்னார்: அங்கே தண்ணி விட்டால் முதலில் இது ஏறும், அப்புறம் அது, இந்தக் கிணறு எப்போதும் ஏறாது. அந்த வரிசையில் நாடாவை இறக்கினோம். நீர்மட்டக் கோடுகள் வரைந்து பார்த்தபோது அவர் சொன்ன வரிசை பெரும்பாலும் நின்றது. ஏறாது என்று சொன்ன கிணறு மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. அவரிடம் போய்ச் சொன்னோம். "அது பக்கத்து வயக்காரன் மோட்டாரை நிப்பாட்டிட்டான், அதான்" என்றார். விசாரித்தால் உண்மை.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
வாத்தியார் அடுத்து எப்போது மாணவர்களைக் கூட்டிப் போகிறீர்கள்? பனை வடுவை நானே வந்து காட்டுகிறேன். ஆடியில் வேண்டாம், கண்ணைத் திறக்க முடியாது.

நெல்லை வாத்தியார்:
ஆடியில்தான் ஐயா போகிறோம், தடம் மூடுவதைப் பார்க்கத்தான். அப்புறம் தை மாசம் அதே தடத்துக்குத் திரும்பப் போவோம், அதற்கு நீங்கள் வாருங்கள். டிசம்பர் நடுவில் மட்டும் யாரும் திட்டம் போடாதீர்கள், கள்ளர் வெட்டுக் கூட்டத்தில் வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. வருகிறவர்கள் தொப்பி, மூடின செருப்பு, தண்ணீர் கொண்டு வாருங்கள். ஒரு குடம் தண்ணீர் கல் தோண்டுவதற்கென்று தனியாக.