நனைந்த துணியை யாரும் பார்க்கவில்லை

மலைச்செவிலி:

14 வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன். அதில் என்னை அதிகம் பயமுறுத்தியது, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த ஒரு பிரசவம்தான்.

இரவு இரண்டு மணி. குழந்தை பிறந்ததும் வீறிட்டு அழுதது. நஞ்சுக்கொடியும் முழுசாக வெளியே வந்துவிட்டது. வீட்டார் எல்லாரும் குழந்தையைச் சுற்றி நின்றார்கள், நானும்தான், எடை பார்க்கும் தராசைக் கையில் வைத்துக்கொண்டு. அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண், “அக்கா, கண்ணை இருட்டுது” என்றாள். போர்வையை விலக்கினால், மடித்துப் போட்டிருந்த மூன்று துணியும் ரத்தத்தில் தொப்பலாக நனைந்திருந்தன. அடிவயிற்றில் கை வைத்தேன். பிரசவமானதும் கர்ப்பப்பை பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். அவளுக்குத் தொளதொளவென்று கிடந்தது. அது சுருங்கினால்தான் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்து ரத்தக் குழாய்கள் மூடும்.

கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி, குளிரில் வைக்க வேண்டிய மருந்து. மின்சாரம் வந்து வந்து போகிற இடத்தில் அதை நம்ப முடியாது. அன்று இருப்பும் இல்லை. அதே வேலையைச் செய்யும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை இருந்தது. குழந்தை பிறந்தவுடனே தடுப்புக்காக அதைக் கொடுத்திருக்க வேண்டும். பரபரப்பில் விட்டுவிட்டேன், என் தவறுதான். 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கை நாக்குக்கு அடியில் வைத்தேன். அவளுடைய சிறுநீரை வெளியேற்றினேன். ஜீப்பில் ஏற்றிய பிறகும் வழிநெடுக அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே போனேன். கை மரத்துப்போய்விட்டது. பிழைத்துக்கொண்டாள்.

“பிரசவம்னா ரத்தம் போகத்தானே செய்யும்” என்கிறார்கள். சரி, போகும். 500 மில்லியைத் தாண்டினால் ஆபத்து. ஆனால் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகத்தான் தெரியும். ரத்தம் வழிந்து சேரும்படி அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று இருக்கிறது. கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. அந்த விரிப்பால் அளந்து, அதிக ரத்தப்போக்கு தெரிந்த உடனே எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கிய இடங்களில் கடும் ரத்தப்போக்கு சுமார் 60 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வேறு, எங்கள் மண் தரை வேறு, தெரியும். ஆனாலும் நான் முதலில் கேட்பது அந்த விரிப்பைத்தான்.

ஜீப் ஓட்டுநர்:

அக்கா, எல்லாரும் பாதையைத்தான் திட்டுகிறார்கள். நான் ஏற்றிப்போன ஒரு கேஸில் பாதைக்கு ஆனது 50 நிமிடம். வீட்டு வாசலில் போனது மூன்று மணி நேரம். கணவர் வெளியூரில், முடிவெடுக்க வேண்டிய பெரியவருக்குப் போன் கிடைக்கவில்லை. நான் வண்டியை ஓடவிட்டபடியே நின்றேன். அப்புறம் போய்ச் சேர்ந்த இடத்தில் ரத்தம் இல்லை, இன்னும் பெரிய இடத்துக்குப் போகச் சொன்னார்கள். தாய் வழியிலேயே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஏழாம் மாதம் ஆன வீடு என்று தெரிந்தால் நானே போய்ப் பேசுகிறேன். யார் சரி சொன்னால் கிளம்பலாம், அவர் இல்லாவிட்டால் யார், கூட வந்து ரத்தம் கொடுக்க யார். சிலர் முகம் சுளிக்கிறார்கள், அபசகுனமாம்.

எட்டாம் மாதத்திலேயே பிறந்த குழந்தையின் அம்மா:

என் மகன் பிறந்தபோது 1,600 கிராம். இன்குபேட்டர் இல்லை. செவிலியர் என் நெஞ்சில் வெறும் உடம்போடு உடம்பாக வைத்து, குல்லா போட்டு, துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் தூங்கும்போது அவன் அப்பா கட்டிக்கொண்டார். முதல் நாள் மூச்சுகூடப் பெரிதாக விடாமல் சிலையாக உட்கார்ந்திருந்தார் பாவம்! பாலைப் பீய்ச்சிச் சின்னக் கிண்ணத்தால் புகட்டினோம்.

அக்கா, அந்த விரிப்பு கிடைக்காத ஊரில் என்ன செய்வது?

மலைச்செவிலி:

துணியை முன்கூட்டியே எடை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த பிறகு மறுபடி நிறுத்தால், கூடுகிற ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி ரத்தம். நான் இப்போது குழந்தையின் தராசிலேயே நிறுக்கிறேன். குழந்தைக்கு முன்னால் துணி.