முட்டி ஆபரேஷன்: பாதி மூட்டு மட்டும் மாற்றியவர்கள் இருந்தா சொல்லுங்க

சென்னிமலை மகள்:
அம்மாவுக்கு 71 வயது. முதலில் போன இடத்தில் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்துவிட்டு, முழு மூட்டையும் மாற்றணும் என்றார்கள். கோவையில் இன்னொரு டாக்டர், "நிக்க வெச்சு எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பினார். படுத்திருந்தால் உடம்பு எடை முட்டியில் இறங்காது, தேய்மானம் சரியாகத் தெரியாதாம். அந்தப் படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. உள்பக்கம் எலும்பும் எலும்பும் ஒட்டிக் கிடக்கிறது, வெளிப்பக்கம் இடைவெளி அப்படியே இருக்கிறது. அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கி, முட்டியின் உள்பக்கத்தில் ஒரே விரலை வைத்து, "இங்கதானுங்க, வேற எங்கியும் இல்லீங்க" என்றார். அதுவரை ஒருத்தரும் அவரை அதைக் கேட்கவே இல்லை! எனக்கு அதுதான் ஆறவில்லை. உள்பக்கம் மட்டும் மாற்றினார்கள். கீறல் சின்னது, மறுநாளே வாக்கர் பிடித்து நடந்தார். மலைக் கோயிலுக்கு மட்டும் 1320 படி வேண்டாம் என்று பஸ்ஸில்தான் கூட்டிப் போகிறோம்.

பொள்ளாச்சி:
அம்மிணி, முழு மூட்டு என்று சொன்னாலே தப்பு என்கிற மாதிரி எழுதாதீங்க. அப்பாவும் பாதி மூட்டுதான் வேணும் என்று பிடிவாதமாக இருந்தார். டாக்டர் முட்டியை மடக்கி வைத்து, கீழ்க்காலைப் பிடித்து முன்னால் இழுத்தார். மேசை டிராயர் மாதிரி வந்தது. முன் ஜவ்வு எப்பவோ அறுந்திருக்கிறது. அது இல்லாத முட்டியில் பாதி மூட்டு பொதுவாக வைக்க மாட்டார்கள். முடக்குவாதம் இருந்தாலும் அப்படித்தான். இன்னொன்று, பாதி மூட்டு வைத்தவர்களுக்குத்தான் பின்னால் மறுபடி ஆபரேஷன் தேவைப்படுவது அதிகம். அதையும் சொல்லித்தானுங்க ஆகணும்.

கோபி மருமகள்:
எங்க அத்தைக்கும் பாதி மூட்டுதான். நல்லா இருக்காங்க. ஆனா வீட்டுக்கு வந்ததும் பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிட்டோம். பிசியோதெரபி தம்பி வந்ததும் முதல் வேலையாக அதை உருவி எறிந்தார். மடங்கியே கிடந்தால் கால் நீட்ட வராது. தலையணை குதிகாலுக்கு அடியில்தான் இருக்கணும், முட்டி தானாக நேராகும். தொடையை இறுக்கி இறுக்கி விடச் சொல்லுங்க. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். தரையில் சம்மணம் போட்டு உட்காருவதை டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீங்க. வழியில் கிடக்கிற மிதியடியைச் சுருட்டி வைங்க, ராத்திரி பாத்ரூம் விளக்கு எரியட்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீங்க. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவவே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்க.